குர்பான் மாட்டுக்கு ஊற்றிய மருந்து

1. முதல் நாள் கேள்வி

சம்மாந்துறை மிருக வைத்தியக் கந்தோரில் கால்நடை உத்தியோகத்தனாக நான் கடமைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். மாட்டைப்பற்றி எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்போடுதான் சாய்ந்தமருதிலிருந்து பஸ் ஏறினேன். டிப்ளோமாச் சான்றிதழை மடிப்புக் குலையாமல் பைக்குள் வைத்திருந்தேன்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர். கோபமே வராது. ஆனால் கேள்வி கேட்டே ஆளைக் களைக்க வைத்துவிடுவார். என் சான்றிதழை அவர் வாங்கிப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேலியோரம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த ஒரு பசுவைக் காட்டினார்.

"உந்த மாடு என்ன தின்னுது?"

"வைக்கோல், சேர்."

"வைக்கோலை அதால செமிக்க ஏலுமோ?"

"ஏலும் சேர். மாடுதானே."

"ஏலாது. உமக்கும் ஏலாது, எனக்கும் ஏலாது, அந்த மாட்டுக்கும் ஏலாது. நாரை உடைக்கிற சாமான் அதின்ர உடம்பில இல்லை. ஆனா உள்ளுக்கு ஒரு பெரிய பீப்பா கிடக்கு, ரூமன். அதுக்குள்ள கோடிக்கணக்கில கிருமியள் இருக்குதுகள். அதுகள்தான் நாரைத் தின்னுதுகள். தின்னுட்டு அமிலத்தை விடுதுகள். அந்த அமிலத்திலதான் மாடு சீவிக்குது. நீர் மாட்டுக்குத் தீன் போடுறீர் எண்டு நினையாதையும். கிருமிக்குத்தான் போடுறீர்."

இதை நான் படிக்காமல் இல்லை. அசற்றிக், புரோப்பியோனிக், பியூற்றிரிக் என்று மூன்று கொழுப்பமிலங்களின் பெயரைச் சோதனைக்கு எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். ஆனால் அவர் சொல்லும்வரை அது புத்தகத்தில்தான் இருந்தது, மாட்டின் வயிற்றுக்குள் இருக்கவில்லை. வினாகிரியில் இருக்கும் அதே அசற்றிக் அமிலம்தான் பசுவின் மடிக்குப் போய்ப் பால் கொழுப்பாகிறது. புரோப்பியோனிக் ஈரலுக்குப் போய்ச் சீனியாகிறது. நாங்கள் சட்டியோடு வாங்கிவந்து சீனி போட்டுச் சாப்பிடும் தயிரின் மேல் திரளும் ஆடை, வைக்கோலிலிருந்து இப்படிச் சுற்றிவந்ததுதான். அன்று அதை நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது.

பகல் சாப்பாட்டுக்கு டொக்டர் தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறும் முருங்கைக்கீரைச் சுண்டலும் கொண்டுவருவார். கந்தோரில் மற்ற எல்லாருக்கும் தீட்டிய வெள்ளைச் சோறு. நாங்கள் பகிடி பண்ணினால், "எனக்கில்லை, இது என்ர பெருங்குடல்ல இருக்கிற ஆக்களுக்கு" என்பார். மாட்டின் பீப்பாவில் நடக்கும் வேலை மனிதனின் பெருங்குடலிலும் சிறிய அளவில் நடக்கிறதாம். நாங்கள் செமிக்காமல் விடும் நாரை அங்குள்ள கிருமிகள் உடைத்து அதே மூன்று அமிலங்களையும் செய்கின்றன. அதில் பியூற்றிரிக்கைக் குடலின் சுவரே எடுத்துத் தன் தேவைக்கு எரிக்கிறது என்று பின்னாளில் படித்தேன். அப்போது டொக்டரை ஒரு மாதிரியான ஆள் என்றுதான் நினைத்தோம். இப்போது என் வீட்டிலும் சிவப்பரிசிதான்.

2. வைக்கோல் பேச்சு

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்த வேலை, வைக்கோலை எரிக்க வேண்டாம் என்று வயல்காரர்களிடம் சொல்வது. சூடு அடித்து, கதிரிலிருந்து பிரித்த நெல்லை ஏற்றியதும் களத்திலேயே வைக்கோலுக்கு நெருப்பு வைத்துவிடுவார்கள். பின்னேரத்தில் சம்மாந்துறைக்கு மேலே வானம் புகைந்துபோய்க் கிடக்கும். வைக்கோலை யூரியாக் கரைசலில் நனைத்து, பொலித்தீனால் மூடிச் சில கிழமை வைத்தால் நார் இளகும், கிருமிகளுக்கு வேலை சுலபம். இதைச் சொல்லத்தான் நான் சைக்கிளில் வீடுவீடாகப் போனேன்.

"யூரியா வயலுக்குப் போடுற சாமான். மாட்டக் கொல்லவா தம்பி வந்திரிக்கீங்க?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "கிருமி எண்டா நோய்தானே. அதுக்குத் தீன் போட்டு வளக்கச் செல்லுறீங்களே" என்றார். கூடியிருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

பிரச்சினை அறிவில் இல்லை, அன்பில் இருந்தது. எங்கள் பகுதியில் அன்பு என்றால் சோறு. வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு, நோயாளிக்குச் சோறு, மனதுக்குப் பிடித்த மாட்டுக்கும் சோறு. வைக்கோல் என்பது யாரும் கவனிக்காத மாட்டின் சாப்பாடு.

அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர் ஆதம்பாவா காக்கா. எங்கள் பக்கம் மூத்த ஆண்களைக் காக்கா என்றும் பெண்களை ராத்தா என்றும் கூப்பிடுவோம். மூன்று ஏக்கர் வயல் வைத்திருந்தார். ஐம்பதைத் தொட்ட வயது. அவருடைய மனைவி சபியா ராத்தா ஒருமுறை சாகக் கிடந்து பிழைத்தவர். அவர் எழும்பி உட்கார்ந்த கிழமையே ஆதம்பாவா காக்கா ஒரு செவலைக் கன்றை வாங்கி, அது வளர்ந்ததும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுத்துப் பங்கிட்டுக் குர்பான் கொடுப்பதென்று மனதில் நிய்யத்து வைத்தார். அதற்கு முன்னர் அவர் தனியாக ஒரு குர்பானும் கொடுத்ததில்லை. மூன்று வருடம் அந்த மாட்டைத் தன் கையாலேயே குளிப்பாட்டினார், ஏர் பூட்டவில்லை, அடிக்கவில்லை. செவலையன் என்று கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்கும்.

நான் கலியாணம் முடித்துச் சம்மாந்துறைக்கே வந்திருந்த காலம் அது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவது. என் மனைவியின் வீடு அவருடைய தெருவில்தான், நாலு வீடு தள்ளி.

3. செவலையன் படுத்தது

அந்த வருடம் சிறுபோக அறுவடையும் ஹஜ்ஜுப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காலையில் ஆதம்பாவா காக்கா செருப்புக்கூடப் போடாமல் கந்தோருக்கு ஓடிவந்தார்.

"தம்பி, மாடு எழும்புதில்ல."

டொக்டர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். செவலையன் தலையை விலாப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தது. காது குளிர்ந்திருந்தது. மூக்கு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. இடது விலாவில் கைவைத்து அமத்தினால் உள்ளே தண்ணீர் தளம்பியது. கழிச்சல் புளித்த கள்ளைப்போல மணத்தது. ஸ்டெதஸ்கோப் வைத்தால் ரூமன் அசையும் சத்தமே இல்லை.

"என்ன தின்னக் குடுத்தீங்க?"

"புதிசா ஒண்டும் இல்ல தம்பி."

மாட்டுக்காரர் எவரும் முதல் தடவை கேட்கும்போது சொல்வதில்லை. எனக்கு அது பழக்கம். சபியா ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன்.

"சோறு குடுத்த" என்றார் அவர். "குர்பான் மாடுதானே. தெருவுல எல்லாரும் ஆளுக்கொரு கோப்பை கொண்டுவந்தாங்க. நன்மைதானே எண்டு."

"எத்தனை கோப்பை?"

"எண்ணல்ல."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியில் வந்தது. தெருவில் இருபது வீட்டுச் சோறு. அதற்கு மேல், மாடு பெருநாளுக்கு நிறைந்து நிற்கட்டும் என்று ஆதம்பாவா காக்கா புதுநெல்லை ஊறவைத்து இரண்டு பெரிய சட்டி வைத்திருக்கிறார். நான் கேட்டு முடிக்கவும் என் மாமியார் நாலு வீடு தள்ளியிருந்து வந்து நின்று, "நானும் ஒரு கோப்பை குடுத்தன் மகன்" என்றார். வைக்கோல் பேச்சுக்காரனின் வீட்டுச் சோறும் அதில் சேர்த்தி.

நார் மெதுவாகத்தான் உடையும். சோறு அப்படியல்ல. ஒரேயடியாகப் புளித்து லக்ரிக் அமிலமாகிவிடும். அந்தப் புளிப்பில் நாரைத் தின்னும் நல்ல கிருமிகள் செத்துப்போகும், ரூமனின் சுவரும் வெந்துபோகும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல தீன் போட்டாலும் மாட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. உள்ளே சமைக்க ஆளில்லை.

இதை நான் சொல்லி முடித்ததும் ஆதம்பாவா காக்கா ஒன்றுதான் கேட்டார்.

"செத்துப்போனா நான் அல்லாஹ்வுக்கு என்ன செல்லுற?"

நான் பையைத் திறந்தேன். ரப்பர்க் குழாயை வாய்வழியாக இறக்கி, புளித்த தண்ணீரை இரண்டு வாளி வெளியே எடுத்தேன். அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றினேன். அதனால் புளிப்பு இறங்கும், செத்த கிருமி எழும்பாது. டொக்டர் ஒருமுறை சொல்லித் தந்தது நினைவில் இருந்தது. இப்படிப்பட்ட மாட்டுக்கு இன்னொரு நல்ல மாட்டின் ரூமன் தண்ணீரை ஊற்ற வேண்டும். கிருமியைக் கடையில் வாங்க முடியாது, ஒரு வயிற்றிலிருந்துதான் இன்னொரு வயிற்றுக்குப் போக வேண்டும்.

4. வாளி

அடுத்த நாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் மாடு அறுக்கும் இடத்துக்குப் போனேன். இறைச்சிக்கடை ஹனிபா என்னையும் என் கையிலிருந்த வாளியையும் பார்த்தார்.

"எல்லாரும் இறைச்சிக்கு வாறாங்க. நீங்க சாணிக்கா வந்திரிக்கீங்க?"

அப்போதுதான் அறுத்த நல்ல திடமான மாட்டின் இரைப்பையைத் திறந்து தந்தார். பச்சையாக, ஆவி பறக்க இருந்தது. அதைப் பழைய சாரன் துணியில் போட்டுப் பிழிந்தேன். முக்கால் வாளி தேறியது. அதில் உள்ள கிருமிகளுக்குக் காற்றும் ஆகாது, குளிரும் ஆகாது. மூடியை இறுக்கி, சாக்கைச் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மிதித்தேன்.

ஆதம்பாவா காக்கா வாசலில் நின்றார்.

"என்ன தம்பி இது?"

"மருந்து" என்றேன். "அம்பாறையிலிரிந்து வந்த."

இந்தக் குறிப்பை எழுதுவதே இந்த ஒரு வசனத்துக்காகத்தான். ஆகவே அதை மழுப்பாமல் எழுதுகிறேன். அறுத்த மாட்டின் இரைப்பைக்குள் இருப்பது நஜீஸ், மார்க்கத்தில் அசுத்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குர்பான் மாட்டின் வாயில் அதை ஊற்றலாமா என்று அவர் கேட்டிருப்பார். வாளி ஆறுகிறது, விளக்கம் சொல்ல நேரமில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். விளக்கம் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயந்தேன். டொக்டர் இல்லாமல் நான் தனியாகப் பார்த்த முதல் பெரிய கேஸ் அது. தோற்க எனக்கு மனமில்லை.

ஆதம்பாவா காக்கா மாட்டின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொன்னார். நான் புனலை வைத்து ஊற்றினேன்.

பின்னேரம் இடது விலாவில் மெல்லிய இடி ஒன்று கேட்டது. அடுத்த நாள் காலையில் செவலையன் எழும்பி நின்றது, இரண்டு வாய் வைக்கோல் இழுத்தது. மூன்றாம் நாள் படுத்து அசைபோட்டது. சபியா ராத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். ஆதம்பாவா காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ் உங்கட கையில பரக்கத் செய்யட்டும்" என்றார். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடவேண்டும் போலிருந்தது.

5. ஒரு போத்தல் மருந்து

ஊரெல்லாம் அம்பாறை மருந்தைப்பற்றிக் கதை பரவியது. நான் மறுக்கவில்லை. பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆதம்பாவா காக்கா ஒரு வெற்றுச் சோடாப் போத்தலைக் கழுவித் துடைத்துக்கொண்டு கந்தோருக்கு வந்தார்.

"இறக்காமத்தில எங்கட தம்பிட பசுவும் தின்னுதில்லியாம். அந்த மருந்துல ஒரு போத்தல் தாங்க தம்பி. காசி எவ்வளவெண்டாலும் தாறன்."

இனி ஒரு பொய்க்கு இன்னொரு பொய் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை.

"காக்கா, அது அம்பாறை மருந்து இல்ல. ஹனிபா காக்கா அறுத்த மாட்டுட இரைப்பத் தண்ணி."

அவர் போத்தலை மேசையில் வைத்தார்.

"அறுத்த மாட்டுட?"

"ஓம் காக்கா. அதுலதான் கிருமி இரிக்கி. அதில்லாட்டி மாடு மௌத்தாப் போயிரிக்கும்."

"நானெல்லோ வாயப் பிடிச்சுத் தந்த" என்றார். "பிஸ்மி சொல்லிப் பிடிச்சுத் தந்தன் தம்பி."

கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "வாங்க பள்ளிக்குப் போவம்" என்று மட்டும் சொன்னார். இரண்டு பேரும் நடந்தோம். வெற்றுப் போத்தல் என் மேசையிலேயே இருந்தது.

மௌலவி அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஆதம்பாவா காக்காவிடம், "மாடு இப்ப என்ன தின்னுது?" என்று கேட்டார்.

"வைக்கலும் புல்லும்."

"மேல்ல கெட்ட வாசம் ஏதும் இரிக்கா?"

"இல்ல."

"நோய்க்கு ஒருதரம் ஊத்தினதால மாடு ஆகாமப் போகாது. நாலஞ்சு நாளா நல்ல தீன் தின்னுது, சுகமா நிக்கிது. உங்கட குர்பானுக்கு ஒரு குறையும் இல்ல. மனசத் தேத்திக்கோங்க."

ஆதம்பாவா காக்கா நீண்ட மூச்சு விட்டார். எனக்கும் உயிர் வந்தது. நான் வாயைத் திறக்கும் முன் மௌலவி என் பக்கம் திரும்பினார்.

"மார்க்கத்தில பதில் இரிந்திச்சி தம்பி. அண்டைக்கு வந்து கேட்டிரிந்தாலும் இதத்தான் செல்லியிரிப்பன். நீங்க கேக்கல்ல, அவரையும் கேக்க விடல்ல."

6. பெருநாள்

பெருநாள் தொழுகை முடிந்து செவலையனை அறுத்தார்கள். நான் போகவில்லை. பத்து மணியிலிருந்து தெருவில் இறைச்சிப் பைகள் வீடுவீடாகப் போயின. எங்களுக்கு இடப்பக்க வீட்டுக்கு வந்தது. வலப்பக்க வீட்டுக்கு வந்தது. என் மனைவி இரண்டு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஆதம்பாவா காக்காட குர்பான் இறைச்சி நமக்கு இன்னும் வரல்லியே. மாட்ட எழுப்பினதே நீங்கதானே?"

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 

"அந்த மனிசன் செஞ்சது சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டொக்டர் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். ரூமன் தண்ணீரைத் துணியில் பிழிந்து சூட்டோடு கொண்டுபோனதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். பொய் சொன்ன இடம் வந்ததும், "வைத்தியம் சரி, வைத்தியன் பிழை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேஸ் புத்தகத்தைத் திறந்தார்.

அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை எத்தனையோ மாடுகளுக்கு ரூமன் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் வாளியை இறக்குமுன், இது என்ன, எந்த மாட்டுடையது, எங்கே எடுத்தது என்று சொல்லிவிடுவேன். முஸ்லிம் வீடுகளில் மௌலவியைக் கேட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். வீரமுனைப் பக்கம் இந்து வீடுகளுக்குப் போனால் இது அறுத்த மாட்டினுடையது என்பதை முதல் சொல்லாகவே சொன்னேன். அங்கே ஒரு வீட்டிலும் சம்மாந்துறையில் ஒரு வீட்டிலும் வேண்டாம் என்று சொன்னார்கள். வாளி கையில் ஆறிப்போனது. இரண்டு மாடுகளும் செத்தன. புதைக்கக் குழி வெட்டவும் நான் நின்றேன். வெட்டும்போது, பேசாமல் ஊற்றியிருக்கலாமே என்று மனம் சொல்லத்தான் செய்தது.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மாடு செத்த அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அடுத்த மாட்டுக்கு நோய் வந்தபோது என்னைத்தான் தேடி வந்தார்கள். ஆதம்பாவா காக்கா என்னைக் கண்ட இடமெல்லாம் ஸலாம் சொன்னார், என் பிள்ளைகளின் சுகம் விசாரித்தார். அவருடைய மாட்டுக்கு ஏதாவது வந்தால் மட்டும், நாலு வீடு தள்ளி இருந்த என்னைத் தாண்டி, கல்முனைக் கந்தோருக்குச் சைக்கிள் மிதித்தார்.